அபராதமும் சிறைவாசமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கேட்டு மகிழ்ந்து பழகிய செவிகளுக்கு, கோர்ட்டையும் சிறையையும் பற்றிய பேச்சு உவப்பாக இராது என்று அறிவேன். அடியேன் வக்கீலும் அல்லன்; மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாய் அமர்ந்தவன். எனினும் டிக்கெட் இல்லாப் பிரயாண வழக்குகளின் கோப்புகள் பல ஆண்டுகளாக என் மேசையைக் கடந்து சென்றிருக்கின்றன. அவற்றைச் சுமந்துகொண்டு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டின் பின்வரிசை பெஞ்சில் காத்திருந்த நாட்களும் பல. அங்கே கண்டதையும், கண்டது விளங்காமல் சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டதையுமே இங்குச் சொல்ல எழுந்துள்ளேன்.

நம் காலனிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம்மிடையே குற்றவாளிகள் எவரும் இல்லை என்பது நம் பெருமை. ஆயின் காண்டிராக்டர்களுடன் வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இந்நகரில் வந்து இறங்குகின்றனர். மொழி தெரியாது; கையில் பணம் இராது; ஏதேனும் ஒன்றில் சிக்கிக்கொண்டால், "தமிழ்க்காரர்கள் இருக்கும் காலனி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு அவர்களுடைய உறவினர் நம் வாசலுக்குத்தான் வருகின்றனர். வந்தவர்க்கு ஒரு வேளைச் சோறு போட நம் தாய்மார்கள் தயங்கியதே இல்லை. ஆனால், "அபராதம் ஆயிரம் ரூபாய், கட்டத் தவறினால் ஒரு மாதம்" என்று அவர்கள் கொண்டுவரும் காகிதத்தைப் பார்த்து, அதன் பொருள் இன்னது, செய்யத்தக்கது இன்னது என்று சொல்ல நம்மில் எத்தனை பேரால் இயலும்?

முதலில், தண்டனைத் தீர்ப்பு என்பது எவ்வாறு அமைந்திருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். மாஜிஸ்திரேட்டு தம் மனம்போல எதையும் எழுதிவிட முடியாது. ஒவ்வொரு குற்றத்துக்கும் சட்டம் ஒரு வாசகத்தை வகுத்திருக்கிறது. அந்த வாசகத்தில் "அல்லது" என்று இருக்கிறதா, "மேலும்" என்று இருக்கிறதா என்பதில்தான் ஒரு மனிதனின் விடுதலை தொங்கிக்கொண்டிருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. இங்கே கோர்ட்டார் அபராதத்தோடு விட்டுவிடவும் இடமுண்டு. குடியிருக்கும் வீட்டில் புகுந்து திருடினாலோ ஏழாண்டு வரை சிறை, மேலும் அபராதத்துக்கும் உரியவன் என்பது வாசகம். இங்கே சிறையை விட்டுவிட்டு அபராதம் மட்டும் விதித்தால் அது சட்டப்படி அமைந்த தண்டனை ஆகாது. நம் இலாகாவினர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. புதிய சட்டம் வந்த பிறகு, ரயில் முதலிய வாகனங்களிலிருந்து சரக்கோ பொருளோ திருடுவதும் இந்த ஏழாண்டுக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. கூட்ஸ் வண்டியிலிருந்து ஒரு கூடை நிலக்கரியை இறக்கும் சிறுவனும் இதனுள் வந்துவிடுவான் என்பதை எண்ணும்போது எனக்குச் சற்று நெஞ்சு உறுத்தத்தான் செய்கிறது.

புதிய சட்டம் என்றேன். 1860-இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் வழங்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அத்துடன் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. இப்பெயர்களை நம் பிள்ளைகள் தடையின்றி உச்சரிக்கின்றனர். நமக்குத்தான் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. பழைய சட்டத்துக்கு வித்திட்ட மெக்காலே பிரபு 1834-இல் கப்பலிலிருந்து சென்னையில் இறங்கி, நம் உதகமண்டலத்தில் சில காலம் தங்கியிருந்த பிறகே கல்கத்தா சென்றவர். அவர் தலைமையில் அமைந்த சட்டக் கமிஷன் 1837-இல் நகல் தயாரித்தது. அது சட்டமாக இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2024 ஜூலைக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்கு இன்றும் பழைய சட்டமே அளவுகோல். குற்றம் செய்த நாளில் இருந்த சட்டத்தின் அளவுக்கு மிஞ்சிய தண்டனையை ஒருவர்மேல் சுமத்தலாகாது என்று அரசியல் சட்டத்தின் 20-ஆம் பிரிவு காவல் செய்கிறது.

சிறை இருவகைப்படும் என்பதை அறிவீர்கள். வேலை வாங்கும் சிறை கடுங்காவல். வேலை வாங்காத சிறை வெறுங்காவல். இந்தப் பக்கத்துக் கோர்ட்டுக் காகிதங்களில் முன்னதை "ஸஸ்ரம் காராவாஸ்" என்றும் பின்னதை "ஸாதாரண் காராவாஸ்" என்றும் எழுதுவர். அபராதத்துக்கு ஜுர்மானா என்றும் எழுதுவதுண்டு, "அர்த்த தண்ட்" என்றும் எழுதுவதுண்டு. "வ்யதிக்ரம்" என்ற சொல்லைக் கண்டால் அங்கே கண்ணை ஊன்றி நிறுத்துங்கள். கட்டத் தவறினால் என்பது அதன் பொருள். அதற்கு அடுத்து வரும் எண்ணே இன்றைய நம் பேச்சின் உயிர்நாடி.

அபராதம் விதிக்கும் கோர்ட்டு, "கட்டத் தவறினால் இத்தனை நாள் சிறை" என்றும் உடன் சொல்லலாம். இதைக் கேட்கும் நம் மக்கள், ஆயிரம் ரூபாயா, ஒரு மாதமா என்று தங்களுக்கு விருப்பம் கொடுத்திருப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். சட்டத்தின் கருத்து அவ்வாறில்லை. விதித்த தண்டனை அபராதம்தான்; அதைக் கட்டியே தீர வேண்டும். கட்டாமைக்காக வருவதே அந்தச் சிறை. 2007-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக உரைத்தது. போதைப் பொருள் சட்டத்தின் கீழ் ஒருவருக்குப் பத்தாண்டு கடுங்காவலும், ஒரு லட்ச ரூபாய் அபராதமும், அது கட்டத் தவறினால் மேலும் மூன்றாண்டும் விதித்திருந்தனர். கட்டாமைக்கு வரும் சிறை தண்டனையின் பகுதியன்று, பணம் செலுத்தாமைக்கு ஏற்படும் விளைவே என்று விளக்கி, மூன்றாண்டை ஆறு மாதமாக அக்கோர்ட்டு குறைத்தது. செல்வன் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வருவான், ஏழை மூன்றாண்டு உள்ளே கிடப்பான் என்ற நிலையை நீதிபதிகள் பொறுக்கவில்லை என்றே நான் அதைப் படித்தேன்.

இவ்விதம் விதிக்கும் சிறைக்குச் சட்டம் எல்லை கட்டியிருக்கிறது. குற்றத்துக்குச் சிறையும் அபராதமும் உண்டு எனில், அதற்குரிய உச்சச் சிறைக்காலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், கட்டாமைக்கென விதிக்கக் கூடாது. மூன்றாண்டுக் குற்றமான திருட்டுக்கு ஒன்பது மாதம் எல்லை. ஏழாண்டுக் குற்றத்துக்கு ஓராண்டு ஒன்பது மாதம். ஆனால் அங்கேயும் ஒரு நுட்பம் உள்ளது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு எக்குற்றத்துக்கும் மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்க அதிகாரம் இல்லை. ஆகவே ஏழாண்டுக் குற்றமே அவர்முன் வந்தாலும், அவருடைய அதிகாரத்தில் கால் பங்கான ஒன்பது மாதத்துக்கு மேல் அவர் போக இயலாது. இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு ஓராண்டே அதிகாரம் என்பதால் அவருக்கு எல்லை மூன்று மாதம். அபராதத்திலும் அவ்வாறே: புதிய நடைமுறைச் சட்டப்படி முதல் வகுப்பாருக்கு ஐம்பதாயிரம் ரூபாய், இரண்டாம் வகுப்பாருக்குப் பத்தாயிரம் ரூபாய்.

சிறையே இல்லாமல் அபராதம் மட்டும் உரிய குற்றங்கள் சில உண்டு. ரயில் வண்டியில் புகை பிடிப்பதற்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் வகுத்தது நூறு ரூபாய் வரை அபராதம் மட்டுமே. இத்தகைய குற்றத்தில் அபராதம் கட்டாதவனுக்கு வெறுங்காவல்தான் விதிக்கலாம். கடுங்காவல் என்று எழுதினால் அது செல்லாது. எத்தனை நாள் என்பதற்குப் பழைய சட்டத்தில் ஒரு படிக்கட்டு இருந்தது. ஐம்பது ரூபாய் வரை இரண்டு மாதம், நூறு ரூபாய் வரை நான்கு மாதம், அதற்கு மேற்பட்டால் ஆறு மாதம். 1860-இல் ஐம்பது ரூபாய்க்கு இருந்த மதிப்பு வேறு. அந்த எண் 2024 ஜூன் மாதம் முப்பதாம் தேதி வரை, நூற்று அறுபத்து நான்கு ஆண்டுகள் அசையாமல் சட்டப் புத்தகத்தில் அமர்ந்திருந்தது. பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்டு ஐந்து வாங்கினால் தீர்ந்துபோகும் தொகைக்கு இரண்டு மாதம் சிறை என்றால், அதை எவ்வாறு சொல்வது! புதிய சட்டம் ஐம்பதை ஐயாயிரம் ஆக்கியது. நூறைப் பத்தாயிரம் ஆக்கியது. இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பத்தாயிரத்துக்கு மேற்பட்டால் ஆறு மாதம் என்றிருந்ததை ஓராண்டு என நீட்டிவிட்டதையும் உடன் சொல்ல வேண்டும்.

இந்த விதிகள் தண்டனைச் சட்டத்துக் குற்றங்களுக்கு மட்டுமே என்று எண்ண வேண்டா. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் அபராதம் விதித்தாலும், அச்சட்டம் மாறாகச் சொல்லாத வரையில் இவையே செல்லும் என்று 1897-ஆம் ஆண்டுப் பொதுவகைச் சட்டம் கூறுகிறது. "மாறாகச் சொல்லாத வரையில்" என்ற அந்தச் சிறு வாசலின் வழியாகத்தான் நம் ரயில்வே சட்டம் வெளியே நடந்துவிட்டது.

அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். டிக்கெட்டு இல்லாமல் ஒருவர் பிடிபட்டால் முதலில் கேட்பது பிரயாணக் கட்டணமும், அதற்குச் சமமான தொகை அல்லது இருநூற்றைம்பது ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவும் ஆகும். இது 138-ஆம் பிரிவு. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா இல்லையா என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. பணத்தைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொண்டால் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை. செலுத்தாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பம் செய்து, அத்தொகையை அபராதம்போல வசூலிக்க உத்தரவு பெறுவர். அதையும் கட்டாதவருக்குப் பத்து நாளுக்குக் குறையாமலும் ஒரு மாதத்துக்கு மேற்படாமலும் சிறை விதிக்கலாம். இதற்கு முந்திய 137-ஆம் பிரிவு, ரயில்வேயை ஏமாற்றும் எண்ணத்துடன் பிரயாணம் செய்வோருக்கானது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தக்க காரணம் எழுதினாலன்றி ஐந்நூறு ரூபாய்க்குக் குறைய அபராதம் விதிக்கலாகாது. கால் பங்கு என்ற பொது விதிப்படி பார்த்தால், இங்கே கட்டாமைக்கு வரும் சிறை ஒன்றரை மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அந்தப் பொது விதி எவ்வாறிருப்பினும், கட்டத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை விதிக்கலாம் என்று சொல்கிறது.

இதனுடன் அபாயச் சங்கிலியை ஒப்பிட்டுப் பாருங்கள். காரணமின்றிச் சங்கிலியை இழுத்து, ஓர் எக்ஸ்பிரஸ் வண்டியை நடுவழியில் நிறுத்தி, பின்னால் வரும் வண்டிகளின் நேரத்தையெல்லாம் குலைப்பவனுக்கு 141-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவனுக்கு அபராதம் விதித்து அவன் கட்டாவிட்டால், கால் பங்கு விதிப்படி மூன்று மாதமே எல்லை. டிக்கெட்டு எடுக்கக் காசில்லாமல் கதவோரம் நின்று வந்தவனுக்கோ ஆறு மாதம் வரை இடமிருக்கிறது. இலாகாவின் உப்பைத் தின்பவன் நான். டிக்கெட்டில்லாப் பிரயாணத்தை ஆதரித்து ஒரு சொல்லும் சொல்லேன். எனினும் பெரிய குற்றத்துக்குச் சிறிய எல்லையும் சிறிய குற்றத்துக்குப் பெரிய எல்லையும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நடைமுறையில் மாஜிஸ்திரேட்டுகள் ஆறு மாதம் வரை போவதை நான் கண்டதில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இனி, மிக முக்கியமானதும் மிகச் சிலரே அறிந்ததுமான செய்திக்கு வருகிறேன். கட்டாமைக்காகச் சிறையில் இருப்பவர், அபராதத்தைக் கட்டிய அந்த நேரமே விடுதலைக்கு உரியவர் ஆகிறார். முழுத் தொகையும் இல்லாவிட்டால்? ஒரு பகுதியைக் கட்டினாலும் அதற்கேற்ற அளவுக்கு நாட்கள் குறையும். சட்டமே ஓர் உதாரணம் தந்திருக்கிறது: ஆயிரம் ரூபாய் அபராதம், தவறினால் நான்கு மாதம். முதல் மாதம் முடியும் முன் எழுநூற்றைம்பது ரூபாய் கட்டிவிட்டால், முதல் மாதம் முடிந்ததும் விட்டுவிட வேண்டும். ஒரு மாதம் கடந்த பின் அத்தொகையைக் கட்டினால், கட்டியவுடனே விட்டுவிட வேண்டும். பழைய சட்டத்திலும் இதே உதாரணம் நூறு ரூபாய் என்ற கணக்கில் இருந்தது.

இதை அறியாமையால் என்ன நேர்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து காண்டிராக்டர் வேலைக்கு வந்த ஓர் இளைஞன் டிக்கெட்டில்லாமல் பிடிபட்டு, ஆயிரம் ரூபாய் அபராதம், தவறினால் முப்பது நாள் என்று தண்டனை பெற்று உள்ளே போய்விட்டான். அவன் மைத்துனன் கூட வேலை செய்தோரிடம் திரட்டியது அறுநூறு ரூபாய். முழுத் தொகை சேராமல் பயனில்லை என்று யாரோ சொல்ல, பாக்கி நானூறுக்காக அவன் அலைந்துகொண்டே இருந்தான். ஒன்பதாம் நாள் மாலை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். "அண்ணே, நானூறு ரூபாய் கடனாகக் கிடைக்குமா?" என்பதே அவன் கேள்வி. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஆயிரத்துக்கு முப்பது நாள் எனில் அறுநூறுக்குப் பதினெட்டு நாள் கழியும். நிற்பது பன்னிரண்டு நாள். அதில் ஒன்பது ஏற்கெனவே கழிந்துவிட்டது. கையிலிருந்த அறுநூறை முதல் நாளே கட்டியிருந்தாலும் பன்னிரண்டு நாள் இருந்தே ஆக வேண்டும். ஆனால் கட்டாமலே இருந்திருந்தால் முப்பது நாளும் போயிருக்கும். நானூறைக் கடன் கொடுப்பது பெரிதன்று. என் மனைவி அப்போதே எடுத்து வந்துவிட்டாள். மறுநாள் முழுத் தொகையையும் கட்டி, பத்தாம் நாள் அவன் வெளியே வந்தான். அந்த நானூறு ரூபாய் மிச்சப்படுத்தியது இரண்டு நாட்களை மட்டுமே. அதுவரை மைத்துனனின் மடியில் முடங்கிக் கிடந்த அறுநூறு ரூபாயின் மதிப்போ பதினெட்டு நாட்கள்! பணத்தைக் கோர்ட்டில் கட்டி, ரசீதைச் சிறைக்குச் சேர்ப்பிக்க வேண்டும். சிறை அலுவலகத்திலேயே பெற்றுக்கொள்ளும் இடங்களும் உண்டு. எங்கே கட்டினாலும் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

உள்ளே போகும் முன்னரே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அபராதம் மட்டும் விதித்து, தவறினால் சிறை என்று சொன்ன வழக்கில், உடனே கட்ட இயலாதவர் அவகாசம் கேட்கலாம். முப்பது நாளுக்கு மேற்படாத கெடு கொடுத்து முழுவதும் கட்டச் சொல்லவும், இரண்டு அல்லது மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. முதல் தவணை முப்பது நாளுக்குள். அடுத்தவை முப்பது நாளுக்கு மேற்படாத இடைவெளியில். கெடுவன்று ஆஜராவதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டால்தான் கிடைக்கும். கூட்டம் நெரியும் கோர்ட்டில், மொழி தெரியாதவன் கைகட்டி நிற்க, அவன் பெயரைக் கூப்பிட்டுக் குற்றத்தைச் சொல்லித் தலையசைக்கச் செய்து, அடுத்தவனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அவகாசம் கேட்க அவனுக்கு எங்கே வாய்!

தலையசைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் அப்பீல் இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. பாதிதான் உண்மை. குற்றமே செய்யவில்லை என்று பிறகு அப்பீல் செய்ய இயலாது. ஆனால் விதித்த தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்றோ சட்டப்படி அமையவில்லை என்றோ அப்பீல் செய்ய வழி உண்டு. எல்லைகளை இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருந்ததன் பயன் இங்கேதான் தெரியும். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் உடனே இலவசமாகக் கிடைக்க வேண்டும். அவர் விரும்பினால், இயலும்போது, தம் சொந்த மொழியில் அதன் மொழிபெயர்ப்பையும் கேட்டுப் பெறலாம். தமிழில் தரச் சொல்லி இந்நகரில் யாரேனும் கேட்டதுண்டா என்றால், நான் கேள்விப்பட்டதில்லை.

அபராதத்தின் அளவைப் பற்றி ஒரு சொல். தொகை இவ்வளவு என்று சட்டம் சொல்லாத குற்றங்களில் கோர்ட்டு எவ்வளவும் விதிக்கலாம். ஆனால் மிகையாக இருக்கலாகாது. நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில் 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு தந்த தீர்ப்பு இதற்கு நல்ல சான்று. சென்னை ஹைகோர்ட்டு தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, அத்துடன் இருபதாயிரம் ரூபாய் அபராதமும் விதித்து, அதில் பெரும்பகுதியை இறந்தவரின் மக்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தது. நோக்கம் நல்லதே. எனினும் ஆயுள் தண்டனையுடன் அவ்வளவு பெரிய அபராதம் மிகை என்று சுப்ரீம் கோர்ட்டு அதை மூவாயிரமாகக் குறைத்தது.

விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களை விதித்த தண்டனையில் கழித்துக்கொள்ளும் உரிமை 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தால் வந்தது, இன்றும் உண்டு. ஆனால் அபராதம் கட்டாமைக்கு வரும் சிறையில் அந்நாட்களைக் கழிக்க முடியாது. ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும், தவறினால் பத்து நாளும் என விதிக்கப்பட்டவன், முன்னமே இருபது நாள் இருந்திருந்தால் மாதத்தில் பத்து நாள் பாக்கி. அதன்மேல் பணம் கட்டாவிட்டால் இன்னொரு பத்து நாள். பல குற்றங்களுக்குப் பல அபராதம் எனில், கட்டாமைக்குரிய சிறைகள் ஏககாலத்தில் ஓடா. ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடும் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. வீட்டில் விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருப்போர் பெரும்பாலும் கணக்குத் தவறுவது இந்த இடத்தில்தான்.

பணமே திரட்ட இயலாத ஏழைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். காவலில் இருக்கும் எவருக்கும், அவர் வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை உண்டு. ஜில்லா கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். ஒரு கடிதம் கொடுத்தால் வக்கீலை நியமிப்பர். தவிர, அபராதம் கட்ட வகையின்றிச் சிறையில் இருப்போருக்கு உதவ மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டம் வகுத்தது. தண்டனை பெற்றவருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் வரை அதன் மூலம் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கும் இந்த ஆணைக்குழு வழியாகவே முயல வேண்டும். நம் சங்கமும், வாசகசாலைக்கு ஒதுக்கும் தொகையில் கை வைக்காமல், சிறு நிதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் விண்ணப்பம். நன்கொடையாகக்கூட வேண்டா, கடனாகக் கொடுத்தால் போதும். அன்று என்னிடம் நானூறு ரூபாய் வாங்கிய மைத்துனன் அடுத்த மாதச் சம்பளத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான்.

பேச்சு முடிந்ததும், காலஞ்சென்ற ஒரு கார்டின் துணைவியாரான அம்மையார் எழுந்து, "தம்பி, சிறையில் இருந்துவிட்டால் அபராதம் தீர்ந்துவிடுமா? ஆள் இறந்துபோனால் என்ன ஆகும்?" என்று வினவினார். அச்சில் வரும் இவ்வுரையில் அதற்கும் விடை சேர்க்க வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்திருக்கிறார்.

கட்டாமைக்கான சிறையை முழுதும் அனுபவித்துவிட்டதால் மட்டும் அபராதம் தானே ரத்தாகிவிடாது. அசையும் சொத்தை ஜப்தி செய்தோ, கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கிபோலவோ அதை வசூலிக்க வழி உண்டு. எனினும் முழுச் சிறையும் அனுபவித்தவர்மீது அவ்வாறு வாரண்டு பிறப்பிக்க வேண்டுமானால், தனிக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அல்லது பாதிக்கப்பட்டவர்க்கு நஷ்டஈடு கொடுக்கும் உத்தரவு இருக்க வேண்டும். தீர்ப்பு நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் வசூலிக்க வேண்டும். ஆறாண்டுக்கு மேற்பட்ட சிறை விதித்திருந்தால் அக்காலம் முடியும் முன் எப்போது வேண்டுமாயினும் வசூலிக்கலாம். ஆள் இறந்துவிட்டாலும், அவருடைய கடன்களுக்கு எந்தச் சொத்துப் பொறுப்போ அந்தச் சொத்து இந்த அபராதத்துக்கும் பொறுப்பாகவே இருக்கும். சொத்து ஏதுமின்றி அவர் இறந்திருந்தால், மனைவி மக்கள் தம் சொந்த உழைப்பால் தேடியதிலிருந்து ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை.